ஏழாம் படிவமும் அமினியாசியின் கைவரிசையும்

லாமி,
நவம்பர் 15, சனிக்கிழமை காலை.

அன்புள்ள தங்கை தோரிகாவுக்கு,

அக்கா உனைசி எழுதுவது. இங்கே நான் நலம், கூரை நலம், மழை மிகவும் நலம். பத்து நாளாக அது ஒரு வேளைகூட ஓய்வெடுக்கவில்லை. கடல் தாண்டி ஹாமில்டனில் நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் நீ அனுப்பிய செய்திகள் எதையும் ஒரு வாரமாக நான் பார்க்கவில்லை. கோபம் ஒன்றுமில்லை. என் கைபேசியை என் வீட்டு வைஃபையிலிருந்து நானே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டேன். அதைத் திரும்ப உள்ளே விடும் வழி எனக்குத் தெரியும், ஆனால் தைரியம் இல்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன். தபால் உறை ஒன்றுதான் இன்னும் என்னிடம் பாஸ்வேர்டு கேட்காமல் இருக்கிறது.

ரவுட்டரைப் பாதுகாப்பாக அமைப்பது பத்து நிமிட வேலை என்று நீ எழுதியிருந்தாய். உன்னைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீ சொன்ன பத்து நிமிடம் அக்டோபர் இருபதாம் தேதி ஆரம்பித்து நேற்று மதியம்தான் முடிந்தது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எனக்கு ஏன் இந்த வேலை என்பது உனக்குத் தெரியும், என்றாலும் ஒரு முறை சொல்லிவிடுகிறேன். இந்த ஆண்டு முதல் பன்னிரண்டாம் வகுப்பு விடைத்தாள்களை வீட்டிலிருந்தே திரையில் பார்த்துத் திருத்த வேண்டும் என்று தேர்வு வாரியம் முடிவெடுத்துவிட்டது. பதினோரு ஆண்டுகளாக நான் புவியியலுக்குத் துணைத் தேர்வாளர். ஆற்று வண்டலைக் கையால் தொட்டுப் பார்க்காதவர்கள் எழுதிய விடைக்குறிப்பை வைத்துக்கொண்டு பதினோரு ஆண்டு மதிப்பெண் போட்டிருக்கிறேன். இந்த முறை முதன்மைத் தேர்வாளர் பதவி எனக்கு என்று கடிதம் வந்தது. விடைக்குறிப்பை நானே எழுதலாம். ஒரே ஒரு நிபந்தனை: நவம்பர் பதினான்காம் தேதிக்குள் ஏழாம் படிவத்தில் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அதில் இப்படி இருந்தது: "என் இல்லத்துக்குரிய கம்பியில்லா வலை கடவுச்சொல்லால் காக்கப்பட்டுள்ளது, என்னைத் தவிர வேறெவரும் அதனைப் பயன்படுத்த இயலாது என உறுதி கூறுகிறேன்." கூடவே சான்றாக, அந்த வலையில் என்னென்ன கருவிகள் இணைந்திருக்கின்றன என்று காட்டும் பக்கத்தையும் அச்செடுத்து இணைக்க வேண்டும். தராவிட்டால் பதவி லெப்பானி மாஸ்டருக்குப் போகும். டெல்டா என்றால் கிரேக்க எழுத்து என்று வகுப்பில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகிறவர் அவர். ஆக, என் பதினோரு ஆண்டும் ஒரு சின்னப் பெட்டியின் விளக்குகளில் வந்து நின்றது.

பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தியவர் பெயர் அவினேஷ். நாற்பது வயது தாண்டிய, களைத்த மீசைக்காரர். ஒரே திங்கள்கிழமையில் பக்கத்து வீட்டு அமினியாசிக்கும் எனக்கும் அடுத்தடுத்து இணைப்புக் கொடுத்தார். மழை இறங்கிவிடும் என்ற அவசரத்தில் இருந்தார். நான் கேட்ட கேள்விகளில் முதல் இரண்டுக்குத்தான் பதில் சொன்னார். அமைப்புப் பக்கத்தைத் திறக்க என்ன பாஸ்வேர்டு என்றேன். 'அட்மின்' என்றார். பயனர் பெயர் என்ன என்றேன். அதுவும் 'அட்மின்' என்றார். எல்லா வீட்டுக்கும் அதுதானா என்றதற்குத் தலையாட்டினார். ஊர் முழுக்க ஒரே சாவியில் திறக்கும் பூட்டுகளை மாட்டிவிட்டு, "மாத்திக்கோங்கம்மா, மாத்திக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

பிறகு நீ அனுப்பிய ஏழு கட்டளைகளையும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கட்டளை, பெட்டியின் பின்னால் இருக்கும் சின்னப் பொத்தானைப் பத்து விநாடி அழுத்து என்றது. பின்னால் பொத்தான் இரண்டு இருந்தது. ஒன்றுக்கு ஊசி வேண்டும். மற்றதை விரலால் அழுத்தலாம். உன் தாளில் ஊசி பற்றி ஒரு சொல்லும் இல்லாததால் விரலால் அழுத்தினேன். பத்து எண்ணினேன். ஒரு விளக்கு அணைந்தது. அணைந்தால் நல்லதா கெட்டதா என்றும் தாளில் இல்லை. கணினியில் வைஃபை பட்டியலைத் திறந்தால், கம்பெனியின் பெயரோடு ஏதோ எண்கள் சேர்ந்த ஒரே ஒரு பெயர் இருந்தது. இந்த மூன்று வாரத்தில் எனக்குக் குழப்பம் தராத ஒரே இடம் அதுதான். அதைத் தொட்டேன், உடனே இணைந்தது. அட்மின் அட்மின் என்று அடித்தேன், கதவு திறந்தது. உன் இரண்டாவது கட்டளைப்படி அட்மினை மாற்றினேன். மூன்றாவது கட்டளைப்படி வலையின் பெயரை மாற்றினேன். சொந்தப் பெயர் கூடாது என்று நீ அடிக்கோடிட்டிருந்ததால் 'புவியியல்' என்று வைத்தேன். நான்காவது கட்டளைப்படி, எந்த அகராதியிலும் இல்லாத ஒரு பாஸ்வேர்டு போட்டேன். நம் ஆறுகளின் பெயர்களைப் பின்னாலிருந்து எழுதி நடுவில் என் ஆய்வேட்டின் பக்க எண்ணைச் சேர்த்தேன். எழுந்து தேநீர் போட்டுக் குடித்தேன். அந்த ஒரு கோப்பை நேரம், என்னை நானே கொஞ்சம் மெச்சிக்கொண்டதை மறைக்க மாட்டேன்.

மறுநாள் காலையில் அமினியாசி வந்தார்.

பன்னிரண்டு ஆண்டு அங்கே இருப்பவள், உனக்கு மறந்திருக்கலாம் என்று எழுதுகிறேன். அமினியாசி எனக்கு வெறும் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை, தௌவு. நம் ஊரும் அவர் ஊரும் எந்தக் காலத்திலோ ஒரே தெய்வத்தின் வழி வந்தவை என்பதால், அவர் என் தோட்டத்தில் எதைப் பிடுங்கிப் போனாலும் அது திருட்டில் சேராது. கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. கேட்காமல் எடுத்தால் முகம் சுளிக்கக் கூடாது. பதிலுக்கு நானும் அவர் வீட்டுக்குள் போய் எதையும் தூக்கி வரலாம், வாய்க்கு வந்தபடி ஏசலாம், அவர் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் இதை எவ்வளவு அழகாகச் செய்கிறார்கள். எனக்கு அது வராது. இந்தச் சந்துக்கு வந்த ஒன்பது ஆண்டில் அவர் வீட்டிலிருந்து நான் எடுத்தது ஒரே ஒரு எலுமிச்சம்பழம். அதையும் கேட்டு வாங்கி, நன்றியும் சொன்னேன். அன்றிலிருந்து அவர் என்னை 'உப்பில்லாத தௌவு' என்றுதான் சந்து முழுக்க அறிமுகப்படுத்துகிறார். கப்பல் எஞ்சின் அறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பதால், அவர் மெதுவாகப் பேசினாலே மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

வந்தவர் வாசலில் நின்று கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பார்வையில் ஒரு புது மரியாதை இருந்ததாகப் பட்டது. தூக்கம் போதாததால் அப்படித் தோன்றியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு,

"தௌவு, இந்தச் சந்துல புவியியல்னு பேர் வைக்கிறவ நீ ஒருத்திதானே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அந்தச் சொல்லு என்னன்னு சொல்லு. வீட்ல எல்லாரும் போனக் கையில வச்சிட்டுச் சுவரப் பாத்து உக்காந்திருக்கோம்."

அவருக்குத்தான் அவினேஷ் தனி இணைப்பே கொடுத்திருக்கிறாரே என்று கேட்டேன். அது செத்துப்போய்விட்டது என்றார். நேற்றுத்தானே பொருத்தினார்கள், அதற்குள் எப்படிச் செத்தது என்றேன். அவர் விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எப்படிச் செத்துச்சா? கேக்கறா பாரு" என்று என் வீட்டுத் தூணிடம் சொன்னார். எனக்கு இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று புரியவில்லை. தன் இணைப்பை மிச்சம் பிடித்துவிட்டு என்னுடையதை உறிஞ்சப் பார்க்கிறார் என்று நான் முடிவு செய்தேன். ஆனால் தௌவு கேட்டால் இல்லை என்று சொல்ல முடியுமா? ஆற்றுப் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னேன், அவர் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ஒரு மணி நேரத்தில் என் கணினி பதினொரு கருவிகள் இணைந்திருப்பதாகக் காட்டியது. அதில் ஒன்று தொலைக்காட்சி. ஒன்றின் பெயர் 'மாகேரேதாவின் போன், தொடாதே'. மாகேரேதா அவர் மனைவி. படிவத்தில் 'என்னைத் தவிர வேறெவரும்' என்ற மூன்று சொற்களும் மேசையிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

நான் படித்தவள். தௌவு கேட்டால் கொடுக்க வேண்டும், சரி. கொடுத்ததை மாற்றக் கூடாது என்று எந்த முறையிலும் இல்லை. அன்று மாலையே பாஸ்வேர்டை மாற்றினேன். மறுநாள் காலை அவர் வந்தார், கேட்டார், கொடுத்தேன். மாலையில் மாற்றினேன். மூன்றாம் நாள் வந்தார். இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் போனது. தபால்காரர் வருவதைப்போலக் காலை ஏழரைக்கு அவர் வருவார், "இன்னிக்கு என்ன சொல்லு தௌவு?" என்பார். நான் ஒரு கால்பந்து அணியின் பெயரையோ ஒரு பாறை வகையையோ எழுத்துக் கூட்டிச் சொல்வேன். அவர் கோபித்துக்கொள்ளவே இல்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். வெட்கமாவது பட வேண்டாமா? ஒவ்வொரு நாளும் அதிகமாகச் சந்தோஷப்பட்டார். போகும்போது எதையாவது எடுத்துக்கொண்டும் போனார். முதலில் இரண்டு மரவள்ளிச் செடி. பிறகு என் இஸ்திரிப் பெட்டி. பிறகு வாசலில் இருந்த பெரிய சேம்பை வேரோடு, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிடுங்கினார்.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"எதுக்கா? எங்க ஆத்துச் சேத்த பாட்டில்ல அடைச்சிட்டுப் போயிப் பட்டம் வாங்கினவ நீ. இப்ப இதுவும் பண்ணிட்ட. ஒரு சேம்பு எடுத்தாத் தப்பா?"

ரேவா ஆற்றின் வண்டலைப் பற்றி நான் ஆய்வு செய்தது இருபத்தைந்து ஆண்டுக்கு முன்னால். அதற்கு இப்போது சேம்பு கேட்பது நியாயமா என்று தெரியவில்லை. 'இதுவும்' என்றது எதை என்றும் விளங்கவில்லை. அவர் பேச்சில் பாதி எப்போதும் விளங்காது, அதனால் விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தேன். நாற்பது நிமிடம் கிடார் இசை கேட்ட பிறகு ஒரு பெண் வந்தாள். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கேட்டாள். படித்துச் சொன்னேன். என் வலைக்குள் வெளியாட்கள் வருகிறார்கள் என்றேன். அவள் தன் பக்கம் எதையோ பார்த்துவிட்டு, அப்படி ஒன்றும் தெரியவில்லையே என்றாள். "உங்க லைன் ரொம்ப அமைதியா இருக்கு மேடம்" என்றாள். அதை ஒரு பாராட்டாக எடுத்துக்கொண்டேன். ஆனால் பதினொரு கருவிகள் என் கண் முன்னால் இருக்கின்றனவே என்றதும், அவள் பொறுமையாக அனுமதிப் பட்டியல் என்ற ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தாள். ஒவ்வொரு கருவிக்கும் பிறவியிலேயே ஓர் எண் உண்டாம். எந்த எண்ணை உள்ளே விடலாம் என்று எழுதிவைத்தால், பாஸ்வேர்டு தெரிந்தாலும் மற்றவை வாசலோடு நின்றுவிடுமாம். கையில் சாவி இருந்தும் கதவு முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஏற்பாடு. எனக்கு இது மிகவும் பிடித்தது. என் கணினியின் எண்ணை மட்டும் எழுதினேன். சேமி என்று அழுத்தியதும் என் கைபேசியே முதலில் வெளியே விழுந்தது. இதுதான் உனக்கு நான் பதில் போடாத கதை.

அது போன வாரம் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை அமினியாசி வந்தார், அன்றைய சொல்லைக் கேட்டார், கொடுத்தேன். பத்து நிமிடத்தில் திரும்பி வந்தார். சொல் சரி, ஆனால் உள்ளே விட மாட்டேன் என்கிறது என்றார். நான் முகத்தை எந்தப் பக்கமும் அசைக்காமல், "அப்படியா" என்றேன். அவர் என் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார்.

"சொல்லையும் குடுத்துட்டு, கதவையும் சாத்திட்ட" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, ஒரு வீட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். "எங்க அப்பா காலத்துல உங்க தீவுக்காரன் ஒருத்தன் எங்க படகத் தூக்கிட்டுப் போயி, எங்களுக்கே சவாரிக்கு விட்டான்னு சொல்லுவாங்க. நான் நம்பினதில்ல."

இதைக் கிண்டல் என்றுதான் நினைத்தேன். வேறு எப்படி நினைப்பது?

ஞாயிற்றுக்கிழமைதான் கஷ்டமாகிவிட்டது. மாலை ஆராதனை முடிந்ததும் அமினியாசி வந்தார், மாகேரேதாவும் கூட வந்தாள். அன்று அவர் தௌவு என்று கூப்பிடவில்லை, சிரிக்கவும் இல்லை. அவர்கள் மகன் இலியேசா பட்டாளத்தோடு சினாயில் இருக்கிறான். ஞாயிறு மாலை ஆறு மணிக்கு அவன் முகத்தைப் பார்க்கும் நேரம். போன ஞாயிறு அவனுக்குக் காவல் வேலை இருந்ததால் தவறிவிட்டதாம். "விளையாட்டு இருக்கட்டும் உனைசி. அரை மணி நேரம் மட்டும்" என்றார். என் கணினியையே கூடத்து மேசையில் வைத்துக் கொடுத்தேன். ஒன்பது பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன், ஆனால் இந்த வீட்டில் கதவைச் சாத்தினாலும் எல்லாம் கேட்கும். ஜெபம் செய்தார்கள். பிறகு இலியேசா, ஏன் வேறு வீடு மாதிரி தெரிகிறது என்று கேட்டான். அமினியாசி அவனிடம் ஏதோ நீளமாகச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரு பட்டாளமே சிரிப்பது கேட்டது. போகும்போது மாகேரேதா என் கையைப் பிடித்து நன்றி சொன்னாள். நான் நல்லவள் இல்லை என்று அந்த நிமிடம் தோன்றியது. இருந்தாலும் படிவத்தில் விதிவிலக்குக்கு இடமில்லை. ஞாயிறு மாலை மட்டும் திறந்த வலை என்று எழுதிக் கையெழுத்துப் போட முடியாது. பொய்யில் கையெழுத்திட்டு வரும் பதவி எனக்கு வேண்டாம் என்பதிலும் உறுதியாக இருந்தேன். ஆகவே, இனி ஒவ்வொரு ஞாயிறும் என் சொந்தக் கைபேசியில், அன்றைக்கு மட்டும் நான் காசு போட்டு வாங்கும் டேட்டாவில் அவர்கள் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். வைஃபை மட்டும் கிடையாது. அமினியாசி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி தௌவு, நீ சொன்னாச் சரி" என்றார். மிகப் பெரிய மனிதர் என்று அப்போதுதான் முதல் முறையாக நினைத்தேன். வழியில் என் குடையை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை பக்கத்தை அச்செடுத்தேன். 'இணைந்துள்ள கருவிகள்: 1'. அந்த ஒன்று என் கணினி. தோரிகா, இந்தப் படத்தை உனக்கு அனுப்ப முடியவில்லையே என்று மட்டும்தான் வருத்தம். நேற்று மழையில் நனைந்துகொண்டே தலைநகர் சுவா போய், ஏழாம் படிவத்தை வாரியத்தின் செயலாளர் கையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் கண்ணாடியை இறக்கி அந்த ஒன்று என்ற எண்ணை இரண்டு முறை பார்த்தார். வாழ்க்கையில் நான் கையெழுத்திட்டவற்றில் இதைப்போல எழுத்துக்கு எழுத்து உண்மையான காகிதம் வேறில்லை என்று திரும்பி வரும் பேருந்தில் நினைத்துக்கொண்டேன்.

ஆகவே, ஒழுங்காகச் செய்தால் எதையும் காக்கலாம் என்பதும், அடுத்தவர் பொருளில் கை வைப்பவர் என்றைக்காவது வாசலோடு நிற்க வேண்டியிருக்கும் என்பதும் இந்த மூன்று வாரத்தில் நான் கற்றவை. மாப்பிள்ளைக்கு என் வணக்கத்தைச் சொல். பிள்ளைகளுக்கு முத்தங்கள். கடவுள் உங்கள் வீட்டையும் உங்கள் வீட்டுக்குள் வருவதையும் போவதையும் காக்கட்டும். அவருக்கு அட்மின் பாஸ்வேர்டு தேவைப்படாது என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
உனைசி

பி.கு. வியாழன், நவம்பர் 20. உறையை ஒட்டி மேசையில் வைத்திருந்தேன். மழையில் தபால் நிலையம் போகவில்லை. இப்போது அதைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே திருடர் என்ற பொருள்பட நான் 'அவர்' என்று எழுதிய இடங்களில் எல்லாம் 'நான்' என்று மாற்றிப் படித்துக்கொள். கடைசிப் பத்தியை மாற்றாமல் அப்படியே படி. அது எனக்குத்தான் பொருந்தும்.

திங்கள்கிழமை அவினேஷ் வந்தார். "ஏம்மா, நீங்க வைஃபையத் தொடவே இல்லையா? நாலு வாரமா உங்க லைன்ல ஒரு துளிகூடப் போகலையே" என்றார். நான் 'புவியியல்' வலையைத் திறந்து காட்டினேன். அவர் மீசையைத் தடவினார். என் பெட்டியைத் திருப்பி, நான் விரலால் அழுத்திய அந்தப் பொத்தானை மறுபடி அழுத்தினார். பட்டியலில் இரண்டாவதாக ஒரு பெயர் முளைத்தது. அதுதான் என்னுடையதாம். அந்தப் பொத்தான் வைஃபையை அணைக்கும் பொத்தானாம். முதல் நாளிலிருந்து என் பெட்டி முழுப் பாதுகாப்பில் இருந்திருக்கிறது. அதிலிருந்து எதுவுமே வெளியே வரவில்லை. அட்மின் அட்மின் என்று நான் நுழைந்ததும், பெயர் மாற்றியதும், தினமும் பூட்டியதும், கடைசியில் ஒரே ஒரு கருவியைத் தவிர எல்லோரையும் வெளியே தள்ளியதும் அமினியாசியின் பெட்டி. அந்த மனிதர் மூன்று வாரமாகக் காலை ஏழரைக்கு என் வாசலுக்கு வந்து கேட்டது, தன் சொந்த வலைக்கான சொல்லை.

அவினேஷ் போனதும் வாரியத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். நான் கையெழுத்திட்ட படிவம் பொய், பதவியை லெப்பானி மாஸ்டருக்கே கொடுத்துவிடுங்கள் என்று. பிறகு அந்தக் கடிதத்தைக் கையில் பிடித்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்குப் போனேன். ஒன்பது ஆண்டில் அழைக்காமல் போனது அதுதான் முதல் முறை. நடந்ததை எல்லாம் நின்றபடியே சொன்னேன். அமினியாசியின் முகம் இறங்கிப்போனது.

"தெரியாமத்தான் பண்ணினியா?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"வேற யார்கிட்ட சொன்ன?"

அவினேஷுக்குத் தெரியும் என்றேன். அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இங்க பாரு தௌவு. ஊர் பூராச் சொல்லி வச்சிருக்கேன். என் உப்பில்லாத தௌவு, முகத்துல சிரிப்பே காட்டாம, என் வாசல்ல காலே வைக்காம, என் வலைய அப்படியே சுருட்டிட்டுப் போயிட்டான்னு. நான் போயி என் வலைக்கே அவகிட்ட கையேந்துறேன், குடுத்துட்டுச் சாயங்காலம் மாத்திடறான்னு. ஊர்ல பெரியவங்க கூட்டத்துல இத ரெண்டு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டாங்க. சினாய்ல பையனோட பட்டாளத்துக்கே தெரியும். இப்ப வந்து, தப்பாப் பொத்தான அமுக்கிட்டேங்கிறியா? அப்ப நான் யாருகிட்ட ஏமாந்தேன்? ஒரு பொத்தான்கிட்டயா?"

உடனே எல்லாவற்றையும் பழையபடி மாற்றித் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன் என்றேன்.

"திருப்பிக் குடுப்பியா?" என்றார். முதல் முறையாக அவர் முகத்தில் கோபத்தைப் பார்த்தேன். "தௌவு எடுத்ததத் திருப்பி வாங்குறவன் எங்க ஊர்ல பொறக்கல. உன் சேம்ப நான் திருப்பித் தரப்போறதில்ல. மாகேரேதா, அந்தப் பெட்டியக் கழட்டு."

அவளே அதைக் கழற்றிப் பாயில் சுற்றினாள். அவர் அதைச் சுமந்து வந்து என் அலமாரிமேல் வைத்தார். என் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது, சபையில் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்க் கட்டு ஒன்றை என் மேசையில் வைத்தார், தோற்றவன் வைப்பது என்று சொல்லி. அவினேஷை மறுநாள் வரவழைத்து, யார் லைன் யாருக்கு என்று சரிசெய்துகொண்டோம். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏறினார். ஆக, திங்கள் மாலை முதல் அந்த வலை தௌவு முறைப்படி என்னுடையது.

அதற்காக உண்மையை மறைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பொத்தானைப் பற்றி எழுதினால் அமினியாசி தெருவில் நடமாட முடியாது. முதலில் எழுதியதைக் கிழித்துவிட்டு, இரண்டே வரி எழுதி அனுப்பினேன்: 'ஏழாம் படிவம் தந்த நாளில் மேற்படி வலை பக்கத்து வீட்டுத் தௌவுக்குரியது, நான் எடுத்து வைத்திருந்தேன். திங்கள் மாலை அவர் அதை என்னிடமே விட்டுவிட்டார். தங்கள் முடிவுக்குக் கட்டுப்படுகிறேன்.' இரண்டு இரவு சரியாகத் தூங்கவில்லை.

இன்று காலை பதில் வந்தது. படிவம் செல்லும், பதவி என்னுடையது. முப்பத்தெட்டுத் தேர்வாளர்களில், வலையின் சொந்தக்காரரே உள்ளே நுழைய முடியாதபடி பூட்டியவர் நான் ஒருத்திதானாம். இவ்வளவு பாதுகாப்பை வாரியம் எதிர்பார்க்கவே இல்லையாம். ஆகவே அடுத்த புதன்கிழமை மற்ற முப்பத்தேழு பேருக்கும், லெப்பானி மாஸ்டர் உட்பட, வீட்டு வைஃபையைக் காப்பது எப்படி என்று நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். சம்மதம் என்று எழுதிவிட்டேன். பொத்தானைப் பற்றிப் பேசாமல் ஒரு மணி நேரத்தை எப்படி ஓட்டுவது என்றுதான் தெரியவில்லை. அமினியாசி முதல் வரிசையில் உட்காரப்போகிறார். நான் எங்கேயாவது திணறினால் எழுந்து நின்று சாட்சி சொல்வாராம்.